தெருவிளக்கை எல்.இ.டி.யாக மாற்றும் முன் கம்பியைப் பாருங்கள்

பேரூராட்சியில் டியூப் லைட்டையும் சோடியம் விளக்கையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டுகிறார்கள். முதல் மாதம் ஊரே பளிச்சென்று இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் பார்த்தால் தெருவுக்கு இரண்டு விளக்கு எரிவதில்லை, நாலைந்து மினுக்கிக்கொண்டிருக்கின்றன. பழி விளக்கின் மேல் விழுகிறது. செத்த விளக்கைக் கழற்றிப் பிரித்தால், எல்.இ.டி. சில்லுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போயிருப்பது டிரைவர், அதாவது சில்லுகளுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி. அதைக் கொன்றது விளக்குக்கு வெளியே இருக்கும்: கையால் முறுக்கிவிட்ட ஜம்பர் (லைனிலிருந்து விளக்குக்கு வரும் இணைப்பு ஒயர்), அறுந்த நியூட்ரல், எர்த் இல்லாத கம்பம், தண்ணீர் இறங்கும்படி இழுத்துக் கட்டிய ஒயர். அதனால் இந்தக் கையேட்டில் விளக்கைவிட லைனுக்கும் ஸ்விட்ச் பாக்ஸுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். முந்நூறு முதல் ஆயிரம் விளக்கு வரை உள்ள தமிழ்நாட்டுப் பேரூராட்சி, சிறு நகராட்சிகளை மனதில் வைத்து எழுதியது இது.

கணக்கெடுப்பு: இரவில் ஒன்று, நண்பகலில் ஒன்று

கம்பத்துக்கு எண் எழுதாமல் வேலையைத் தொடங்காதீர்கள். வார்டு, ஸ்விட்ச் பாக்ஸ், கம்பம் என்ற வரிசையில் 7/3/12 என்பது போல, மஞ்சள் பட்டையில் கறுப்பு பெயின்டால் கண் உயரத்துக்குச் சற்று மேலே எழுதுங்கள். மின்வாரியம் போட்டிருக்கும் எண்ணை அழிக்கக் கூடாது. நாளை புகார் வரும்போது "பிள்ளையார் கோயிலுக்கு எதிர்த்த கம்பம்" என்று தேட வேண்டியிருக்காது.

ஒவ்வொரு கம்பத்துக்கும் குறிக்க வேண்டியவை: சிமென்ட் கம்பமா இரும்புக் குழாயா, விளக்கு எந்த உயரத்தில் இருக்கிறது, அடுத்த கம்பம் எத்தனை மீட்டர் தள்ளி, சாலையின் அகலம், இப்போதுள்ள விளக்கின் வகை, அது எரிகிறதா, பிராக்கெட் குழாயின் விட்டம், மேலே மரக்கிளை மறைக்கிறதா. பிராக்கெட் விட்டத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். டியூப் லைட் பட்டிக்குப் போட்ட மெல்லிய குழாய் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர்தான் இருக்கும். எல்.இ.டி. தெருவிளக்கின் கழுத்தோ 40 முதல் 60 மில்லிமீட்டர் குழாய்க்குச் செய்தது. இதைப் பார்க்காமல் ஆர்டர் போட்டால், விளக்கு வந்து இறங்கிய பிறகு முந்நூறு பிராக்கெட்டுக்குத் தனி மதிப்பீடு போட வேண்டிவரும். இடையில் மரக்கட்டை வைத்து இறுக்கிச் சமாளித்தால் முதல் காற்றுக்கே விளக்கு வானத்தைப் பார்க்கும்.

இரவுச் சுற்றில் எரியாத விளக்கு தெரியும். நண்பகல் சுற்றில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு தெரியும். இரண்டாவதுதான் காசைத் தின்பது. எல்.டி. (தாழ்வழுத்த) லைனில் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், அதோடு ஸ்விட்ச் பாக்ஸிலிருந்து வரும் ஐந்தாவது கம்பிதான் தெருவிளக்குக் கம்பி. அந்தக் கம்பி எங்கோ அறுந்துபோனதால், யாரோ அவசரத்துக்கு நேராகப் பேஸிலிருந்து இழுத்துக் கொடுத்த விளக்குகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 4,200 மணி நேரம் எரிய வேண்டிய விளக்கு அப்படி 8,760 மணி நேரம் எரிகிறது. எல்.இ.டி. போட்டாலும் பகலில் எரியும் விளக்கு சீக்கிரம் தேயும்.

சேமிப்புக் கணக்கை நேர்மையாகப் போடுங்கள்

40 வாட் டியூப் லைட் பழைய செப்புச் சோக்கோடு சேர்ந்து 52 வாட் அளவுக்கு இழுக்கும். 70 வாட் சோடியம் விளக்கு 80 முதல் 85, 150 வாட் விளக்கு சுமார் 170, 250 வாட் விளக்கு சுமார் 280. டியூப் லைட்டுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் விளக்குக்கு 32 வாட் மிச்சம். 4,200 மணி நேரத்துக்கு 134 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் விளக்குக்கு ஆண்டுக்குச் சுமார் 1,075 ரூபாய். உங்கள் பில்லில் இருக்கும் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளுங்கள்.

மன்றக் கூட்டத்தில் சொல்லப்படும் தொகை பின்னால் பில்லில் வராமல் போவதற்கு ஒரு பெரிய காரணம் உண்டு. 300 டியூப் லைட்டில் 80 விளக்கு ஏற்கெனவே எரியவில்லை என்று வையுங்கள். தாளில் போட்டால் 300-ஐ 32 வாட்டால் பெருக்கி, ஆண்டுக்கு 40,320 யூனிட் மிச்சம் என்று வரும். உண்மையில் இப்போது எரிவது 220 விளக்கு, 11.44 கிலோவாட். மாற்றிய பிறகு 300-ம் எரியும், 6 கிலோவாட். மிச்சம் 5.44 கிலோவாட், அதாவது 22,848 யூனிட்தான். இது நட்டமல்ல, எண்பது இருட்டான இடங்களுக்கு வெளிச்சம் கிடைத்திருக்கிறது. அதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். சேமிப்பிலிருந்து, விளக்கு மாட்டும் நிறுவனத்துக்குத் தவணை கட்டும் ஒப்பந்தம் என்றால், எரியாத விளக்கின் எண்ணிக்கையை இரு தரப்பும் கையெழுத்திட்டுத் தொடக்கத்திலேயே பதிவு செய்வது மிக முக்கியம். அதில்லாமல் நடக்கும் தகராறு தீரவே தீராது.

எந்தத் தெருவுக்கு எத்தனை வாட்

"பழையது 150 வாட், புதியது 75 வாட்" என்று பாதியாக்கிக் கணக்குப் போடுவது தவறு. சாலையில் விழும் வெளிச்சத்திலிருந்து தொடங்குங்கள். இந்தியத் தர நிர்ணயக் குறியீடு ஐ.எஸ். 1944 சாலைகளைப் பிரித்திருக்கிறது: வேகமும் நெரிசலும் அதிகமுள்ள முக்கியச் சாலைக்குச் சராசரி 30 லக்ஸ் (தரையில் விழும் வெளிச்சத்தின் அளவு), அடுத்த நிலை முக்கியச் சாலைக்கு 15, ஊருக்குள் நடமாட்டம் அதிகமுள்ள தெருவுக்கு 8, குறைந்த நடமாட்டத் தெருவுக்கு 4. இதோடு இன்னொரு எண்ணும் உண்டு. மிக மங்கலான இடத்தின் லக்ஸைச் சராசரியால் வகுத்தால் முக்கியச் சாலையில் 0.4-க்கும், ஊர்த் தெருவில் 0.3-க்கும் குறையக் கூடாது. கம்பத்தடியில் வெள்ளமாக வெளிச்சமும் நடுவில் இருட்டுமாக இருந்தால், வெளிச்சத்திலிருந்து வரும் கண்ணுக்கு அந்த இருட்டு இன்னும் கறுப்பாகத் தெரியும். பைக்கில் வருகிறவர் படுத்திருக்கும் மாட்டைப் பார்க்காமல் போவது அங்கேதான்.

கம்பம் 30 மீட்டருக்கு ஒன்றாக இருந்து, 6 மீட்டர் அகலத் தெருவில் விளக்கு 6 மீட்டர் உயரத்தில் இருந்தால், நல்ல லென்ஸ் உள்ள 20 வாட் விளக்கு 4 லக்ஸைத் தாண்டிவிடும். கடைத்தெருவுக்கு 30 முதல் 45 வாட். 150 வாட் சோடியம் இருந்த சாலைக்கு 60 முதல் 75, 250 வாட் இருந்த இடத்துக்கு 100 முதல் 120. கம்பத் தூரம் 45, 50 மீட்டர் என்றால் வாட்டை ஏற்றிப் பயனில்லை. வெளிச்சம் கம்பத்தடியில்தான் பெருகும், நடுவில் பெரிதாக ஏறாது. இடையில் ஒரு கம்பம் நடுங்கள்.

ஆர்டருக்கு முன் ஒரு தெருவில் பத்து விளக்கு மாட்டி அளந்து பாருங்கள். இதற்கு ஒரு லக்ஸ் மீட்டர் வேண்டும். கைபேசிச் செயலியை நம்ப வேண்டாம். நிலா இல்லாத இரவில், அடுத்தடுத்த இரண்டு கம்பங்களுக்கு இடையே தரையில் ஒன்பது புள்ளிகளைச் சாக்பீஸால் குறியுங்கள்: முதல் கம்பத்துக்கு நேராக ஒரு வரிசை, நடுத் தூரத்தில் ஒன்று, இரண்டாம் கம்பத்துக்கு நேராக ஒன்று. ஒவ்வொரு வரிசையிலும் சாலையின் இந்த ஓரம், மத்தி, அந்த ஓரம். நான்கு மூலைப் புள்ளிகளைக் கூட்டி 16-ஆல் வகுக்க வேண்டும். பக்கங்களின் மத்தியில் உள்ள நான்கைக் கூட்டி 8-ஆல் வகுக்க வேண்டும். நட்டநடுப் புள்ளியை 4-ஆல் வகுக்க வேண்டும். மூன்றையும் கூட்டினால் சராசரி.

எடுத்துக்காட்டாக, மூலைகள் 12, 12, 5, 5. பக்க மத்திகள் 9, 9, 3, 2. நடு 3. அப்படியானால் 2.125, 2.875, 0.75, மொத்தம் 5.75 லக்ஸ். மிகக் குறைந்தது 2, அதை 5.75-ஆல் வகுத்தால் 0.35. ஊர்த் தெருவுக்கு இது தேறும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 5,700, 6,500 கெல்வின் நீலவெள்ளை விளக்கு கடையில் பார்க்கப் பிரகாசம். தெருவில் வயதானவர்களுக்குக் கண் கூசும். முதல் மழைக்கு ஈசல் மொய்க்கும். குடியிருப்புத் தெருக்களுக்கு 4,000 கெல்வின் போதும். கடலோரப் பேரூராட்சி என்றால் கடற்கரையைப் பார்த்த தெருக்களுக்கு 3,000-க்குக் கீழே, மஞ்சள் சாயலில், கடல் பக்கம் ஒளி சிந்தாத மூடியோடு வாங்குங்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரைக்கு வருகின்றன. பொரித்துவரும் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் நகரும். கடலைவிடத் தெருவிளக்கு பிரகாசமாக இருந்தால் அவை ரோட்டுக்கு வந்து சேரும்.

டெண்டரில் எழுதாதது கிடைக்காது

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-ன்படி நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவர்களில் குறைந்த விலை கொடுத்தவருக்கே வேலை போகும். எனவே தரம் முழுக்க முழுக்க நீங்கள் எழுதும் விவரக்குறிப்பில்தான் இருக்கிறது. குறைந்தபட்சம் இவை இருக்கட்டும்: அழுத்த வார்ப்பு அலுமினிய உடல், ஐ.பி. 66 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்), ஐ.கே. 08 (அடி தாங்கும் தரம்), வாட்டுக்கு 120 லூமென் ஒளி முழு விளக்குக்கும் சேர்த்து (சில்லுக்கு மட்டும் அல்ல), பவர் பேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் பயனாகும் பங்கு) 0.95, தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய டிரைவர், தனியாக 10 கிலோவோல்ட் சர்ஜ் (திடீர் மின்னழுத்தப் பாய்ச்சல்) பாதுகாப்பு, 140 முதல் 280 வோல்ட் வரை சீராக எரிதல், 440 வோல்ட் வந்தால் தானாக அணைந்து, சரியானதும் தானாக எரிதல், ஐந்து ஆண்டு உத்தரவாதம், தேசிய அங்கீகாரம் பெற்ற (என்.ஏ.பி.எல்.) ஆய்வகச் சான்று. உடலிலேயே பேரூராட்சியின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒரு வெயிலுக்குத் தாங்காது.

இவற்றில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் 440 வோல்ட் நிபந்தனையைக் காப்பாற்றுங்கள். நம் எல்.டி. லைன்களில் நியூட்ரல் அறுவது அடிக்கடி நடப்பது. அறுந்ததும் நியூட்ரல் மிதக்கும். பேஸ்களுக்கு இடையிலான 400 வோல்ட் சுமைகளுக்கிடையே தாறுமாறாகப் பிரியும். தெருவின் ஒரு பாதியில் விளக்கு கண்ணைப் பறிக்கும், மறு பாதியில் மங்கும். இந்தப் பாதுகாப்பு இல்லாத டிரைவர்கள் ஒரே இரவில் வரிசையாகப் போய்விடும். உத்தரவாதத்திலும் "லைன் கோளாறு" என்று கைவிரித்துவிடுவார்கள்.

ஒப்புக்கொண்ட மாதிரி விளக்கு ஒன்றை இரு தரப்புக் கையெழுத்தோடு சீல் வைத்து அலுவலகத்தில் பூட்டி வையுங்கள். சரக்கு வந்ததும் நூற்றுக்கு இரண்டு எடுத்து எடை போட்டு அதோடு ஒப்பிடுங்கள். எடை குறைந்தால் அலுமினியம் குறைந்திருக்கிறது; அலுமினியம் குறைந்தால் சூடு வெளியேறாது. ஒன்றைத் திறந்து டிரைவரின் பெயரையும் சர்ஜ் பெட்டி தனியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 230 வோல்ட்டில் வாட் அளந்து, 48 மணி நேரம் தொடர்ந்து எரியவிடுங்கள்.

பழைய சோடியம் பெட்டிக்குள்ளேயே எல்.இ.டி. பல்பைத் திருகிவிடலாம் என்ற யோசனை வரும். வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் இக்னைட்டர் பல கிலோவோல்ட் துடிப்பை அனுப்பும் பொருள். அதை நீக்காமல் போட்ட எல்.இ.டி. உடனே சாகும். நீக்கினாலும் மூடிய பெட்டிக்குள் சூட்டில் வாடும்.

கம்பத்தின் மேல் நடக்கும் வேலை

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் லைன் கிளியர் (லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டதற்கான உறுதி) எழுத்தில் வாங்காமல் யாரும் கம்பம் ஏறக் கூடாது. பகலில் தெருவிளக்குக் கம்பியில் மின்சாரம் இல்லை என்பதை நம்பி ஏறுவதுதான் உயிரைக் குடிக்கிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி இருக்கும் மூன்று பேஸ்களிலும் மின்சாரம் ஓடுகிறது. லைன் கிளியர் கிடைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்தின் இரு பக்கமும் எர்த் ராடு மாட்டி, பெல்ட் கட்டிக்கொண்டுதான் தொட வேண்டும். ஏதோ ஒரு வீட்டின் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ லைனுக்குத் திருப்பி அனுப்பலாம். நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நாளைக்கு 25 விளக்குக்கு மேல் திட்டமிடாதீர்கள். ஐம்பது என்று இலக்கு வைத்தால் இணைப்புகளை முறுக்கிவிட்டு இறங்குவார்கள்.

அந்த முறுக்குதான் முதல் எதிரி. மேலே ஓடுவது அலுமினியக் கம்பி. விளக்கிலிருந்து வருவது செப்பு ஒயர். இரண்டையும் நேராகச் சுற்றிவிட்டால் மழைநீர் பட்டு அரிக்கும். ஓர் ஆண்டு கழித்து அந்த இணைப்பைக் கிட்டத்தில் பார்த்தால் அலுமினியத்தின் மேல் வெள்ளை மாவு படிந்திருக்கும், செப்பு இழைகள் கறுத்து ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சியிருக்கும். காற்றடிக்கும்போதெல்லாம் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் டிரைவருக்கு ஓர் அடி. பழைய சோக் இதைப் பொறுத்துக்கொண்டது. எலக்ட்ரானிக் டிரைவர் பொறுக்காது. கடலோர ஊரில் இதெல்லாம் பாதிக் காலத்திலேயே நடக்கும்.

சரியான முறை: லைனிலிருந்து அலுமினிய சர்வீஸ் ஒயரை, இரு கம்பிகளையும் சேர்த்து போல்ட்டால் இறுக்கும் பி.ஜி. கிளாம்ப் போட்டு இறக்குங்கள். கம்பத்தில் ஒரு சிறிய ஜங்ஷன் பாக்ஸ். அதற்குள் கனெக்டர் வழியாக விளக்கின் செப்பு ஒயரோடு சேருங்கள். உறையிட்ட ஏ.பி. கேபிள் ஓடும் தெருக்களில், உறையைச் சீவாமல், துளைத்துக் கடிக்கும் கனெக்டரைப் போடுங்கள். ஒயர் விளக்குக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். நேராக இழுத்துக் கட்டினால் ஒயரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் உள்ளே போகும். ஒயர் நுழையும் துளையை அடைக்கும் கிளாண்டை இறுக்க மறந்தால் தண்ணீருக்கு முன்னால் பல்லியும் எறும்பும் போய்விடும்.

விளக்கின் சாய்வு 5 முதல் 10 டிகிரி. 15-ஐத் தாண்டினால் சாலைக்குப் போக வேண்டிய ஒளி எதிர்வீட்டு மாடி ஜன்னலுக்குப் போகும். பச்சை ஒயரை வெட்டி மடித்து விடாதீர்கள். எர்த் இல்லாவிட்டால் சர்ஜ் பாதுகாப்பு பாதிதான் வேலை செய்யும். சித்திரை, வைகாசி இடிமழையில் அது தெரியும். இரும்புக் கம்பம் என்றால் எர்த் தவிர்க்கவே முடியாத ஒன்று. ஒவ்வொரு கம்பத்துக்கும் எர்த், கம்பத்து ஜங்ஷன் பாக்ஸில் 6 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்), ஸ்விட்ச் பாக்ஸில் கசிவு மின்சாரத்துக்கு டிரிப் ஆகும் ஆர்.சி.பி.ஓ. மூன்றும் வேண்டும். மழைநாளில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது குழந்தைகள்.

ஸ்விட்ச் பாக்ஸ்

நாற்பது 20 வாட் விளக்குக்கு 800 வாட், அதாவது மூன்றரை ஆம்பியர். "6 ஆம்பியர் எம்.சி.பி. போதும்" என்று போட்டால் மாலையில் ஆன் செய்த நொடியே டிரிப் ஆகும். டிரைவரின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் எல்லாம் ஒரே கணத்தில் நிரம்பப் பார்க்கும்போது, ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரம் பெரிய கரண்ட் பாயும். சி வகை எம்.சி.பி., 16 ஆம்பியர் போடுங்கள். பழைய கான்டாக்டரின் (விளக்குகளை ஆன், ஆஃப் செய்யும் காந்த ஸ்விட்ச்) முனைகள் தேய்ந்திருந்தால் இந்தப் பாய்ச்சலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு விடிந்தும் விளக்கு அணையாது. மாற்றும் வேலையோடு அதையும் மாற்றிவிடுங்கள். ஸ்விட்ச் பேஸில் வெட்டுகிறதா, தவறிப்போய் நியூட்ரலில் வெட்டுகிறதா என்று ஒவ்வொரு பாக்ஸிலும் சரிபாருங்கள்.

நேரத்துக்கு, ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டுவைத்தால் சூரியன் மறையும், உதிக்கும் நேரத்தைத் தானே கணக்கிடும் வானியல் டைமர்தான் சரி. சென்னையில் நவம்பரில் சூரியன் 5.40-க்கு மறைகிறது, ஜூலை தொடக்கத்தில் 6.39-க்கு. ஒரே நேரத்தில் பூட்டிய டைமர் ஒன்று இருட்டில் விடும், இல்லை காசை எரிக்கும். வெளிச்சத்தைப் பார்த்து விளக்கை இயக்கும் ஒளிக்கண்ணில் தூசியும் காக்கை எச்சமும் படிந்தால் மதியமே விளக்கு எரியும். வானியல் டைமரை நிறுவிய பிறகு அதன் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

நள்ளிரவு முதல் நான்கு மணி வரை ஒளியைக் குறைக்கும் டிரைவரை வாங்கினால், பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி, சந்திப்புகளை அதிலிருந்து விட்டுவிடுங்கள்.

கோளாறின் முகம்

ஒரு விளக்கு மட்டும் சில நிமிடம் எரிந்து அணைந்து மறுபடி எரிந்தால் டிரைவர் சூடேறுகிறது, அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது. முதலில் இணைப்பைப் பாருங்கள். தெருவே ஒன்றாக மினுக்கினால் ஸ்விட்ச் பாக்ஸிலோ லைனிலோ தளர்ச்சி. ஒரு பகுதி பளீரென்றும் மற்றது மங்கலாகவும் இருந்தால் நியூட்ரல்; உடனே பாக்ஸை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். பகலில் விளக்கு பேய் போல மங்கலாகத் தெரிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: ஸ்விட்ச் நியூட்ரலில் வெட்டுகிறது, அல்லது பக்கத்து பேஸ்களிலிருந்து தெருவிளக்குக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. பிந்தையதற்கு, குறைந்த வோல்ட்டில் விழிக்காத டிரைவர்தான் தீர்வு. சில்லுகளில் ஒரு வரிசை மட்டும் இருண்டால் அது விளக்கின் குறை, உத்தரவாதத்தில் அனுப்புங்கள்.

மொத்த எண்ணிக்கையில் ஐந்து சதவீதம் டிரைவரும் சர்ஜ் பெட்டியும் இருப்பில் வேண்டும். கழற்றிய டிரைவரின் மேல் கம்ப எண்ணையும் தேதியையும் மார்க்கரால் எழுதி வையுங்கள். ஒரே கம்பத்தில் இரண்டாவது டிரைவரும் போனால், மூன்றாவதை மாட்டாதீர்கள். அந்தக் கம்பத்தின் இணைப்பையும் எர்த்தையும் பாருங்கள். ஆண்டுக்கொரு முறை மழைக்கு முன், ஆவணியில், கண்ணாடியைத் துடைத்துக் கிளைகளை வெட்டிவிட்டால் சாலையின் லக்ஸ் பழையபடி ஏறும்.

கழற்றிய டியூப் லைட்டுகளில் பாதரசம் இருக்கிறது. சோடியம் விளக்குகள் பெரும்பாலானவற்றிலும் உண்டு. குப்பை வண்டியில் போட்டு உடைக்காமல், வந்த அட்டைப் பெட்டியிலேயே நிமிர்த்தி அடுக்கி, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். செப்புச் சோக்குகளுக்கு நல்ல பழைய விலை உண்டு. எண்ணி, எடை போட்டு, பதிவேட்டில் ஏற்றித் தனியாக ஏலம் விடுங்கள்.